சேர்க்கை வாய்ப்புக் கணிப்பு

போட்டி மிகுந்த கல்லூரி ஒன்றில் ஒரு மாணவருக்கு இடம் கிடைக்குமா என்று கலந்தாய்வுக்கு முன்பே மதிப்பிடுவது சேர்க்கை வாய்ப்புக் கணிப்பு எனப்படும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் கட்-ஆஃப் கணக்குதான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று குமரி மாவட்டத்துக் குலசேகரம் சந்தையில் எதிர்ப்படுகிறவர்கள் மொத்த மதிப்பெண்ணைக் கேட்பதில்லை, "கட்-ஆஃப் எவ்வளவு வருது?" என்றுதான் கேட்பார்கள்.

பொறியியலுக்குக் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படும். கணித மதிப்பெண் அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகும். கணிதம் 96, இயற்பியல் 88, வேதியியல் 91 என்றால் 96 + 44 + 45.5 = 185.5. வேறு வாரியத்தில் படித்தவருடைய மதிப்பெண்ணைச் சமன் செய்வார்கள். அங்கே ஒரு பாடத்தின் முதல் மதிப்பெண் 90, மாநில வாரியத்தில் 100 என்றால், 60 வாங்கியவருக்கு அது 66.66 ஆகும். இரு வாரியத்திலும் முதல் மதிப்பெண் 100 ஆக இருந்தால் இந்தச் சமனாக்கத்தால் எந்த மாற்றமும் வராது.

1984 முதல் தொழிற்கல்விக்குத் தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீங்கி, 2007-08 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே போதும் என்றானது. மருத்துவத்துக்கு 2017இல் தமிழ்நாட்டில் நீட் என்னும் தேசிய நுழைவுத் தேர்வு வந்தது. அதற்கு 720 மதிப்பெண்.

கணிப்பில் பலரும் சறுக்குவது, போன ஆண்டு மதிப்பெண்ணை இந்த ஆண்டுக்குப் பொருத்திப் பார்ப்பதில்தான். வினாத்தாள் மாறினால் மதிப்பெண்ணின் பொருளும் மாறிவிடும். 2024 நீட்டில் 67 பேர் முழு 720 பெற்றதாக முதலில் அறிவித்தார்கள். திருத்தத்துக்குப் பின் அது 17 ஆனது. 2025இலோ நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686தான். 2024இல் 650 வாங்கியும் இடம் கிடைக்காத பிள்ளையை வைத்து அடுத்த ஆண்டு 600க்காரரைப் பயமுறுத்துவது வீண். ஒப்பிடவேண்டியது ரேங்க், அதிலும் சமூகப் பிரிவுக்குள் வரும் ரேங்க். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என இடஒதுக்கீடு 69 விழுக்காடு. மீதி 31 பொதுப்பிரிவு. அதில் எவரும் மதிப்பெண்ணால் இடம் பிடிக்கலாம். ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் பிறந்த தேதியும் ரேண்டம் எண்ணும் தீர்மானிக்கும்.

முன்பு இவ்வளவு கணிப்புக்குத் தேவையே இருக்கவில்லை. அனந்தபுரி எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னைக்குப் போய்க் கிண்டியை அடைந்தால், அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக் கூடத்துத் திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று தெரியும், பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். 2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. இப்போது மிச்சம் எவ்வளவு என்று தெரியாமலே கல்லூரிகளை விருப்ப வரிசையில் எழுதித் தரவேண்டும். கணினி ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரையும் எடுத்து, அவர் பட்டியலில் காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தரும். ஆகவே கைக்கெட்டாத கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் எழுதுவதால் எந்த நட்டமும் இல்லை. "எப்படியும் கிடைக்கும்" என்று ஒரு சுமாரான கல்லூரியை உச்சியில் வைத்தால், அது நிச்சயம் கிடைத்துவிடும், ஆபத்து அதில்தான். கணிப்பு உதவுவது பட்டியலின் அடிப்பகுதிக்கு, அதாவது எதுவரை இறங்கி எழுதுவது என்று முடிவு செய்வதற்கு. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாதபோது பத்துக் கல்லூரியோடு நிறுத்துவது சிக்கனம் அல்ல.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கு முந்தைய ஆண்டுகளின் தொடக்க, இறுதி ரேங்குகள் வெளிப்படையாகவே கிடைக்கும். என்.ஐ.டி.யில் பாதி இடம் சொந்த மாநிலத்தாருக்கு. ஆகவே திருச்சி என்.ஐ.டி. நம் பிள்ளைக்குக் காட்டும் கதவை சென்னை ஐ.ஐ.டி. காட்டாது. வெளிநாடுகளில் கணக்கே வேறு. இலங்கையில் பல்கலைக்கழகச் சேர்க்கையை 2001 முதல் இஸட் புள்ளி என்னும் தரப்படுத்திய மதிப்பெண்ணும் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஹார்வர்டு போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மதிப்பெண்ணோடு கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பிற ஈடுபாடுகள் எல்லாம் சேருவதால் கட்-ஆஃப் என்று ஒன்று கிடையாது. விண்ணப்பிப்போரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே எடுக்கும் இடத்தில் எண்ணைக் காட்டி உறுதி சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருக்கலாம்.

குலசேகரம் பக்கத்தில் கணக்கைக் கலைப்பது பெரும்பாலும் மதிப்பெண் அல்ல, சான்றிதழ்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியலுக்கு 2021இலும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கிறிஸ்தவ சபைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் குமரியில் ஏராளம். அங்கே ஒரு ரூபாய் கட்டணம் கட்டாமல் படித்த பிள்ளைக்கும் இது பொருந்தாது. எல்லை தாண்டிக் கேரளத்தில் படித்தவர் நேட்டிவிட்டி சான்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அது இல்லாமல் மாநில ஒதுக்கீட்டை எண்ணிப் பார்க்க முடியாது. ஊரிலேயே 2006இல் தொடங்கிய ஸ்ரீ மூகாம்பிகா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக அங்கே யாருக்கும் ஒரு மதிப்பெண்கூட அதிகமாகிவிடாது. பேச்சிப்பாறை மலைக் குடியிருப்புகளின் காணிக்காரர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்கான சான்றைத் தருவது தாசில்தார் அல்ல, பத்மநாபபுரம் வருவாய்க் கோட்டத்தின் அதிகாரி. அந்தச் சான்று கைக்கு வராமல் கலந்தாய்வுக்குப் போனால், ஒரு விழுக்காட்டு இடம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. பொதுப்பிரிவு ரேங்கிலேயே நிற்கவேண்டியதுதான்.