புடாபெஸ்டின் காட்சிமுனைகள்: காவலிலிருந்து காட்சிக்கு

புடாபெஸ்ட், ஹங்கேரி நாட்டின் தலைநகரம். டான்யூப் ஆறு வடக்கிலிருந்து தெற்காக இந்நகரின் நடுவே பாய்கிறது. ஆற்றின் மேற்குக் கரையில் குன்றுகள் நிறைந்த புடாவும், கிழக்குக் கரையில் சமவெளியான பெஸ்ட்டும் அமைந்துள்ளன. புடா, பெஸ்ட், ஓபுடா ஆகிய மூன்று ஊர்களும் 1873ஆம் ஆண்டு ஒன்றாக இணைக்கப்பட்டதால் உருவானதே இன்றைய புடாபெஸ்ட்.

இந்நகருக்கு வரும் பயணிகள் முதலில் தேடிச் செல்வது புடா குன்றுகளின் மேலுள்ள காட்சிமுனைகளைத்தான். கீழே ஆறு, அதன்மேல் பாலங்கள், எதிர்க்கரையில் நாடாளுமன்றம் என்று ஒரே பார்வையில் நகரம் முழுவதும் விரியும். ஆனால் இந்த உயரங்களில் முக்கியமானவை முதலில் பொதுமக்களுக்காக உருவானவை அல்ல. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கண்காணிக்கவும், தேவைப்பட்டால் சுடவும் அமைக்கப்பட்டவை அவை. காவலுக்கும் அதிகாரத்துக்கும் உரிய இடங்கள் எவ்வாறு எல்லோரும் நின்று பார்க்கும் இடங்களாக மாறின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கோட்டைக் குன்று

இப்பகுதியில் முதலில் பெரிய நகரம் அமைத்தவர்கள் ரோமானியர்கள். அவர்களுடைய அக்வின்கம் நகரின் எச்சங்களை இன்றும் ஓபுடாவில் காணலாம். ஆனால் அந்நகரம் குன்றின்மேல் அமையவில்லை. ஆற்றங்கரைத் தாழ்நிலத்திலேயே இருந்தது.

குன்றின் உச்சிக்கு நகரம் ஏறியதற்குக் காரணம் அச்சம். 1241-42ஆம் ஆண்டுகளில் மங்கோலியப் படைகள் ஹங்கேரியை ஊடுருவிப் பெரும் அழிவை ஏற்படுத்தின. சமவெளியில் இருந்த பெஸ்ட் சூறையாடப்பட்டது. அப்படைகள் திரும்பிச் சென்ற பின், மன்னர் நான்காம் பேலா நாடெங்கும் கற்கோட்டைகளைக் கட்ட ஊக்குவித்தார். புடா குன்றின்மேல் கோட்டையும் அதனுள் ஓர் ஊரும் எழுந்தது அப்போதுதான்.

பின்வந்த மன்னர்கள் இக்கோட்டையை அரண்மனையாக விரிவுபடுத்தினர். 1458 முதல் 1490 வரை ஆண்ட மாத்தியாஸ் கொர்வினுஸ் காலத்தில் புடா, மறுமலர்ச்சிக் கலையின் ஒரு மையமாக விளங்கியது. அவருடைய நூலகம் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றது. 1541இல் புடா உதுமானியர் வசமானது. 1686இல் ஐரோப்பியக் கூட்டுப்படைகள் அதை மீட்டபோது நடந்த முற்றுகையில் பழைய அரண்மனை சிதைந்தது. உதுமானியர் காலத்தின் நினைவாக ருடாஷ் போன்ற வெந்நீர்க் குளியல் இல்லங்களும், ரோஜாக் குன்றில் உள்ள குல் பாபா என்னும் துறவியின் அடக்கத்தலமும் இன்றும் நிலைத்துள்ளன.

சங்கிலிப் பாலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை புடாவையும் பெஸ்ட்டையும் இணைக்க நிலையான பாலம் கிடையாது. படகுகளை வரிசையாகக் கட்டி அமைத்த மிதவைப் பாலமே இருந்தது. குளிர்காலத்தில் ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்து வரும்போது அதையும் அகற்றிவிடுவர். 1820ஆம் ஆண்டு குளிர்காலத்தில், தந்தை இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்ட பிரபு இஷ்ட்வான் செச்செனி, ஆற்றைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் கரையில் காத்திருக்க நேர்ந்தது. நிலையான பாலம் வேண்டும் என்று அவர் பின்னாளில் பாடுபட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

பாலம் கட்ட வழிவகுத்த சட்டம் 1836இல் நிறைவேறியது. அச்சட்டத்தில் ஒரு சமூகப் புரட்சி அடங்கியிருந்தது. அதுவரை ஹங்கேரியின் பிரபுக்கள் வரி, சுங்கம் எதுவும் செலுத்தத் தேவையில்லை. சுமை முழுவதும் எளிய மக்கள் மீதே விழுந்தது. புதிய பாலத்தைக் கடக்கும் எவரும், பிரபுவாக இருந்தாலும், கட்டணம் செலுத்த வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பிறப்பால் வந்த சலுகை முதன்முதலாக ஒரு பாலத்தின் வாயிலில் முடிவுக்கு வந்தது எனலாம்.

ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் டியர்னி கிளார்க் பாலத்தை வடிவமைத்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆடம் கிளார்க் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டார். பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் உறவினர் அல்லர். நடு இடைவெளி சுமார் 202 மீட்டர் கொண்ட இப்பாலம், அக்காலத்தில் உலகின் மிகப்பெரிய தொங்குபாலங்களுள் ஒன்று. 1849 நவம்பர் 20 அன்று அது திறக்கப்பட்டபோது செச்செனி அங்கு இல்லை. மனநலம் குன்றி, வியன்னா அருகே உள்ள மருத்துவமனையில் இருந்தார். 1860இல் இறக்கும்வரை, தாம் கனவு கண்ட பாலத்தின் நிறைவான வடிவத்தை அவர் பார்க்கவே இல்லை.

பாலத்தின் இரு முனைகளிலும் உள்ள கற்சிங்கங்களுக்கு நாக்கு இல்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையில் நாக்கு உண்டு. ஆனால் சாலையில் நடப்பவருக்குத் தெரியாது, மேலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

கெல்லேர்ட் குன்றும் சிடடெல்லாவும்

கடல்மட்டத்திலிருந்து 235 மீட்டர் உயரமுள்ள கெல்லேர்ட் குன்று, ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தாக எழும் பாறைக் குன்று. 1046இல் நடந்த கலகத்தில் கொல்லப்பட்ட ஆயர் கெல்லேர்ட்டின் பெயரை இது தாங்கியுள்ளது. வெனிஸ் நகரிலிருந்து கிறித்தவம் பரப்ப வந்த அவரை, எதிர்ப்பாளர்கள் இக்குன்றிலிருந்து ஆற்றை நோக்கி உருட்டிவிட்டனர் என்பது மரபுக்கதை.

குன்றின் உச்சியில் உள்ள சிடடெல்லா என்னும் கோட்டை அந்நிய எதிரிகளைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. 1848இல் ஹங்கேரியர் ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். ரஷ்யப் படைகளின் உதவியுடன் 1849இல் அந்த எழுச்சி அடக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று முன்னாள் பிரதமர் லாயோஷ் பத்யானி பெஸ்ட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். சங்கிலிப் பாலம் திறக்கப்பட்டது இதற்கு ஆறு வாரங்களுக்குப் பின்னர்தான். அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரியர்கள் சிடடெல்லாவைக் கட்டி, இரு கரைகளையும் நோக்கிப் பீரங்கிகளை நிறுத்தினர். கீழே வாழும் மக்கள் தலைநிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் தங்கள் தோல்வியை நினைக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

1867இல் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் உடன்பாடு செய்துகொண்ட பிறகும் படைகள் உடனே வெளியேறவில்லை. 1897இல்தான் அவை அகன்றன. அதன் பின் கோட்டை மதிலின் ஒரு பகுதி, அடக்குமுறை முடிந்ததன் அடையாளமாக இடிக்கப்பட்டது. நகரை மிரட்டிய பீரங்கிகள் நின்ற அதே குன்றுதான் இன்று பயணிகளுக்கு மிக விரிவான காட்சியைத் தருகிறது.

சிடடெல்லாவின் அருகே, பனையோலையை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்த பெண்ணின் வெண்கலச் சிலை நிற்கிறது. ஷிக்மோந்த் கிஷ்ஃபலுடி ஷ்ட்ரோப்ல் வடித்த இச்சிலை, நாஜிகளிடமிருந்து நகரை மீட்ட சோவியத் படைகளின் நினைவாக 1947இல் நிறுவப்பட்டது. பொதுவுடைமை ஆட்சி முடிந்த பின், அதன் கீழிருந்த சோவியத் வீரரின் சிலை அகற்றப்பட்டு நகருக்கு வெளியே உள்ள நினைவுப் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கல்வெட்டு வாசகமும் மாற்றப்பட்டது. ஆனால் பெண்ணின் சிலை அகற்றப்படவில்லை. இன்று அது ஹங்கேரியின் விடுதலைக்காக உயிர் நீத்த அனைவரையும் நினைவுகூர்வதாக மாறிவிட்டது.

மீனவர் கொத்தளம்

கோட்டைக் குன்றில் மாத்தியாஸ் தேவாலயத்தின் பின்புறம் வெண்ணிறக் கோபுரங்களுடன் தோன்றும் மீனவர் கொத்தளம், பார்ப்பதற்கு இடைக்காலக் கோட்டை போல இருக்கும். ஆனால் அங்கு எந்தப் போர்வீரனும் காவல் நிற்கவில்லை. ஃப்ரிட்யெஷ் ஷூலெக் என்னும் கட்டடக் கலைஞர் 1895 முதல் 1902 வரை, மக்கள் நின்று நகரைப் பார்ப்பதற்காகவே கட்டிய மாடம் இது. இடைக்காலத்தில் மதிலின் இப்பகுதியை மீனவர் சங்கத்தினர் காத்துவந்ததாகக் கூறப்படுவதால் இப்பெயர் அமைந்தது.

மக்யார் இனத்தவர் இந்நிலத்தில் குடியேறியதாகக் கருதப்படும் 896ஆம் ஆண்டின் ஆயிரமாவது நிறைவு, 1896இல் நாடெங்கும் கொண்டாடப்பட்டது. கொத்தளத்தின் ஏழு கோபுரங்கள், அவர்களை வழிநடத்திய ஏழு குலத்தலைவர்களைக் குறிக்கின்றன. காவல் மதில் நின்ற இடத்தில் காட்சி மாடம் எழுந்த காலத்தை இக்கட்டடம் சரியாகக் காட்டுகிறது.

நாடாளுமன்றம்

கொத்தளத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது எதிர்க்கரையின் நாடாளுமன்றம். இம்ரே ஷ்டெய்ண்டல் வடிவமைத்த இக்கட்டடத்தின் பணி 1885இல் தொடங்கி 1904இல் முடிந்தது. 1902இல் இறந்துவிட்டதால் ஷ்டெய்ண்டல் அதன் நிறைவைக் காணவில்லை. ஆற்றை ஒட்டி 268 மீட்டர் நீளம் கொண்ட இதன் குவிமாடம் 96 மீட்டர் உயரமுடையது. பெஸ்ட்டில் உள்ள புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உயரமும் 96 மீட்டரே. இந்த எண் 896ஆம் ஆண்டை நினைவூட்டுகிறது.

இவ்விடத்தில் நாடாளுமன்றம் அமைந்ததற்கு ஓர் ஆழ்ந்த பொருள் உண்டு. அரசரின் அரண்மனை புடா குன்றின்மேல் இருந்தது. மக்கள் பிரதிநிதிகளின் மாளிகை சமவெளியில், ஆனால் அரண்மனைக்கு ஈடான பெருமிதத்துடன், ஆற்றின் மறுகரையில் எழுந்தது.

1945ஆம் ஆண்டின் அழிவு

இன்று பயணிகள் காண்பவற்றுள் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டது. 1944 டிசம்பர் இறுதியில் சோவியத் படைகள் நகரைச் சுற்றிவளைத்தன. 1945 ஜனவரி 18 அன்று, பெஸ்ட்டிலிருந்து பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் சங்கிலிப் பாலத்தைத் தகர்த்தன. டான்யூப் மீதிருந்த பாலங்களுள் ஒன்றுகூட எஞ்சவில்லை. புடா குன்றுகளில் சண்டை பிப்ரவரி 13 வரை நீடித்தது. அரண்மனை எரிந்து கூடாக நின்றது. சுமார் 38,000 பொதுமக்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

சங்கிலிப் பாலம் பழைய வடிவிலேயே கட்டப்பட்டு, முதல் திறப்பின் நூறாம் ஆண்டு நிறைவு நாளான 1949 நவம்பர் 20 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. எலிசபெத் பாலம் மட்டும் பழைய வடிவைப் பெறவில்லை. 1964இல் முற்றிலும் புதிய தோற்றத்துடன் எழுந்தது. அரண்மனையின் இடிபாடுகளுக்குள் நடந்த அகழாய்வில், மறைந்துபோன இடைக்கால அரண்மனையின் பகுதிகள் வெளிப்பட்டன. மீண்டும் எழுப்பப்பட்ட அரண்மனையில் அரசர் இல்லை. தேசிய ஓவியக் கூடம், நகர வரலாற்று அருங்காட்சியகம், தேசிய நூலகம் ஆகியவை இடம்பெற்றன.

தாழ்வான இடத்தில் ஒரு நினைவிடம்

நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, ஆற்றின் விளிம்பில் அறுபது இணை இரும்புக் காலணிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அம்புச் சிலுவைக் கட்சியினர் 1944-45 குளிர்காலத்தில் யூதர்களை ஆற்றங்கரைக்கு இழுத்துவந்து, காலணிகளைக் கழற்றச் சொல்லி, ஆற்றில் விழுமாறு சுட்டுக்கொன்றனர். அவர்களின் நினைவாகத் திரைப்பட இயக்குநர் ஜான் டோகாயும் சிற்பி கியூலா பாயெரும் உருவாக்கிய இந்நினைவிடம் 2005இல் நிறுவப்பட்டது. இதில் பெரியவர்களின் காலணிகளுடன் குழந்தைகளின் காலணிகளும் உள்ளன. எந்தக் குன்றின் உச்சியிலிருந்தும் இது தெரியாது. அருகே சென்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்றைய நிலை

டான்யூப் கரைகளும் புடா கோட்டைப் பகுதியும் 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. 2002இல் ஆந்த்ராஷி நிழற்சாலையும் இதில் சேர்க்கப்பட்டது.

அண்மைய ஆண்டுகளில், போரில் அழிந்த அரண்மனைப் பகுதிகளைப் பழைய தோற்றத்தில் மீண்டும் கட்டும் பணிகள் நடந்து வருகின்றன. இழந்த பெருமையை மீட்கும் முயற்சி என்று ஆதரவாளர்கள் இதைப் போற்றுகின்றனர். போரின் தழும்புகளையும், அதற்குப் பிந்தைய தலைமுறை எழுப்பியவற்றையும் அழித்துவிட்டுப் புதிய கட்டடத்துக்குப் பழைய முகம் கொடுப்பது வரலாறு ஆகாது என்று மற்றவர்கள் வாதிடுகின்றனர். புடா குன்றின்மேல் எது நிற்க வேண்டும் என்ற கேள்வி நான்காம் பேலா காலத்தில் கோட்டையைப் பற்றியதாக இருந்தது. இப்போது நினைவைப் பற்றியதாக இருக்கிறது.