பாதுகாவலர் அலுவலகமும் பரத்தையர் விடுதியும்

திருக்குறளின் 92ஆம் அதிகாரம் ‘வரைவின் மகளிர்’. பொருட்பெண்டிரை நாடுவதை வள்ளுவர் அதில் கடிகிறார். வடமொழி அர்த்தசாத்திரமோ கணிகையர்க்கெனத் தனி அதிகாரியை அமர்த்தி, அவர்கள் திங்கள்தோறும் இருநாள் வருவாயை அரசுக்கு இறுக்கவேண்டும் என்கிறது. அறநூல் விலக்கியதைப் பொருள்நூல் கணக்கில் ஏற்றிக்கொண்டது. இவ்விரு போக்கையும் ஒரே அரசு மேற்கொண்ட கதை நம் மலாயாவில் நிகழ்ந்தது.

1874இல் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக் ஆங்கிலேயர் கைக்குள் வந்தது. லாருட்டுக்கும் கிந்தாவுக்கும் ஈயம் தோண்டவந்த சீனருள் பெண்கள் மிகச் சிலரே. நம்மவர் நிலையும் பெரிதும் வேறன்று. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் மலாயாவில் ஆயிரம் இந்திய ஆடவர்க்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. ஆளெடுத்தவர்கட்கு வேண்டியவை உழைக்கும் கைகள், குடும்பம் அன்று. இந்தக் குறையை விடுதிகள் நிரப்பின.

நீரிணைக் குடியேற்றங்களில் 1870இல் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. விடுதிகள் பதிவு செய்யப்பட்டன. பெண்கள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அங்குச் சென்ற ஆடவர்க்கோ சோதனை இல்லை! நோய் ஒருவழியே நடப்பதாகச் சட்டம் எண்ணியது போலும். 1877இல் சிங்கப்பூரில் பிக்கரிங் என்பார் சீனர் பாதுகாவலராக அமர்ந்தார். கப்பலில் வந்த சீனப் பெண்களை ‘விரும்பி வந்தாயா?’ என்று வினவுவது அவ்வலுவலகத்தின் பணியாயிற்று. விற்கப்பட்டு வந்த பெண், அழைத்து வந்தவர் சொல்லிக்கொடுத்த விடையையே பல வேளைகளிற் கூறினாள். தப்பி வந்தோர்க்குப் போ லியுங் குக் இல்லம் புகலளித்தது என்பதையும் மறைத்தல் கூடாது.

இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் அம்மையார் போன்றோர் நடத்திய கிளர்ச்சியால் அந்நாட்டின் இத்தகைய சட்டங்கள் 1886இல் நீங்கின. அதன் விளைவாக இங்கும் 1880களின் இறுதியில் கட்டாயச் சோதனையும், 1890களில் விடுதிப் பதிவும் ஒழிந்தன. விடுதிகள் ஒழிந்தனவா? இல்லை. ‘அறியப்பட்ட விடுதிகள்’ என்ற பெயரில் அவை அதே தெருக்களில், அதே அலுவலகத்தின் கண்முன் நடந்தன. உரிமம் தரவில்லை என்று இலண்டனுக்கு விடை சொல்லலாம். மூடவில்லை என்று முதலாளிகட்கும் ஆறுதல் சொல்லலாம். பதிவிருந்த காலத்தைவிட இந்த நடுநிலையே கொடிதென்பது என் கருத்து. பதிவேட்டில் பெயருள்ள பெண்ணுக்கு அரசு ஒருவகையிற் பொறுப்பேற்றிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

சிங்கப்பூரின் மலாய்த் தெருவிலிருந்த ஜப்பானியப் பெண்கள் ‘கராயுகி-சான்’ எனப்பட்டனர்; பலர் கியூஷுவின் ஏழைச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். நாட்டின் மானம் கருதிய ஜப்பானியத் தூதரகம் 1920இல் அவ்விடுதிகளை மூடச்செய்தது. ஏனைய விடுதிகளின் கதவுகள் 1930இல் சட்டத்தால் அடைபட்டன. தொழில் மட்டும் சந்துகளுக்கும் மறைவிடங்களுக்கும் பெயர்ந்தது.

இப்பெண்களின் வாழ்வை ஆராய்ந்த ஜேம்ஸ் வாரன், 1993இல் ‘ஆ கு அண்ட் கராயுகி-சான்’ என்னும் நூலை வெளியிட்டார். ‘ஆ கு’ என்பது சீனப் பரத்தையரை மதிப்புடன் அழைத்த சொல். அவர்க்குப் பெரிதும் கைகொடுத்தவை சிங்கப்பூர் மரண விசாரணை ஏடுகள். தற்கொலையாலும் கொலையாலும் மாண்ட பெண்களின் அறை, உடைமை, கடன், தோழியரின் வாக்குமூலம் ஆகியன அவற்றிலேதான் எழுத்தில் ஏறியுள்ளன.