யாரை முதலில் உள்ளே விடுவது?

அவசரப் பிரிவில் யார் முதலில் உள்ளே போவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார் என்று ஊரில் நினைக்கிறோம். நான் வேலை பார்க்கும் மெல்பர்னில் அது நர்ஸின் வேலை. ‘ட்ரையாஜ்’ என்று பெயர்.

நெப்போலியன் படையின் சர்ஜன் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தைப் பார்த்து வரிசை போட்டதில் ஆரம்பித்த கதை. ஆஸ்திரேலியா 1994-இல் நாடு முழுக்க ஐந்து படிகள் வைத்தது. முதல் படிக்குக் காத்திருப்பே கிடையாது. இரண்டாவதற்கு 10 நிமிடம், கடைசிக்கு 2 மணி நேரம். (சத்தம் போடுபவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசிப் படிக்காரர்கள்தான்!)

எங்கள் பிரிவில் கும்பளங்கிக்காரச் சேச்சி ஒருவர் இருக்கிறார். முகத்து வேர்வையைப் பார்த்தே மாரடைப்பைச் சந்தேகிப்பார். அவரிடம் பேச்சுக் கொடுத்தால் நிபாவில்தான் போய் நிற்கும். 2018-இல் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடு வந்தவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் லினி, மே 21 அன்று இறந்துபோனார். வந்தது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் ஜூனில் சேச்சியின் எர்ணாகுளம் மாவட்டத்திலேயே ஒரு மாணவருக்கு நிபா. இந்த முறை சந்தேகம் வந்ததுமே தனியறையில் வைத்தார்கள். அவர் பிழைத்தார், வேறு ஒருவருக்கும் பரவவில்லை.

இங்கே காய்ச்சல் என்று யார் வந்தாலும் சேச்சி முதலில் நீட்டுவது மாஸ்க்கை. பெயரெல்லாம் அப்புறம்தான்.