ராயகிரி வட்டாரத்தில் மலை சைக்கிள்: மிதிப்பதா, மின்சாரமா?

அகன்ற டயர், நேரான ஹேண்டில்பார், முன் ஃபோர்க்கில் ஷாக் அப்சார்பர், ஏற்றத்துக்கு ஏற்ற கியர் ஆகியவற்றோடு கரடுமுரடான தடங்களுக்கென்றே செய்யப்படுவது மலை சைக்கிள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் பகுதி மலைச்சரிவுகளில் பழைய தடித்த டயர் வண்டிகளை ஓட்டி இறங்கியவர்களிடமிருந்து 1970களில் இது பிறந்தது. அங்கே ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் 1976இல் தொடங்கியது. 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற வண்டி சந்தைக்கு வந்த பிறகு மலை சைக்கிள் உலகெங்கும் பரவியது. இதே வண்டியில் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் சேர்ந்தால் மின் மலை சைக்கிள். நம் கடைகளில் முன்னதற்கு ‘கியர் சைக்கிள்’, பின்னதற்கு ‘பேட்டரி சைக்கிள்’ என்று பெயர்.

ராயகிரி, தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. 2019 நவம்பரில் மாவட்டம் பிரியும் வரை திருநெல்வேலியோடு இருந்தது. இங்கே சைக்கிள் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது விலையையோ கியர் எண்ணிக்கையையோ அல்ல, தான் ஓட்டப்போகும் தரையை.

நிலமும் காற்றும்

மேற்கே மலை நிற்கிறது. ஊர் இருப்பது சமவெளியில். வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும் ஏற்றம் எதுவும் கிடையாது. குற்றாலமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 167 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. செங்கோட்டை தாண்டி, புளியரையின் எஸ் வளைவு ஏறி ஆரியங்காவுக்குப் போகும்போதுதான் உண்மையான மலைச்சாலை வரும். கேரளத்துக்குப் போகும் கனரக லாரிகள் நெருக்கும் அந்தச் சாலையில் புதிதாக ஓட்டுகிறவர் பழகக் கூடாது. சிவகிரி, புளியங்குடி மலைக்காடுகள் வனத்துறைக்கு உட்பட்டவை. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் நடந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகளும் இறுகிவிட்டன.

அப்படியானால் இங்கே மலை எது? காற்று. ஆனி தொடங்கி ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கி வீசுகிறது. சுரண்டை, சங்கரன்கோவில் பக்கங்களில் காற்றாலைகள் நிற்பதற்கும் அந்தக் காற்றுதான் காரணம். கணக்கு எளிது. காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறவர் மேல் படும் காற்றின் வேகமும் 15தான். எதிரே 25 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் அது 40 ஆகிவிடும். தடுக்கும் விசை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், அதே வேகத்தில் போக, காற்றை வெல்வதற்கு மட்டும் ஏழு மடங்கு ஆற்றல் வேண்டும்: சுமார் 150 வாட். ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடையை, நூறு மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற்றவும் கிட்டத்தட்ட இதே அளவு ஆற்றல்தான் தேவை. பழக்கமில்லாத ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடியது 100 வாட்டை ஒட்டியது. ஆடி மாதத்தில் தென்காசிப் பக்கம் முகம் வைத்து மிதிக்கிறவர் சமவெளியிலேயே மலை ஏறுகிறார்.

மின் வண்டியின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. மோட்டார் அந்த 150 வாட்டில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். ஆனால் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் உள்ள மின்சாரம் 360 வாட்-மணி. எதிர்காற்றில் மோட்டாரை மட்டும் நம்பினால் 30 கி.மீ. தாண்டுவது கடினம். பாதிச் சுமையைக் கால்களும் சுமந்தால் தென்காசி எட்டும். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். முழு சார்ஜுக்கு அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது.

சட்டம்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிட ஆற்றல் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. இதைவிட வலுவான மோட்டாரைப் பொருத்தி ‘சைக்கிள்தான்’ என்று விற்பவரிடம் வாங்கக் கூடாது.

முள்ளும் பஞ்சரும்

குளத்துக்கரையிலும் வண்டிப்பாதையிலும் சீமைக்கருவேல முள் கிடக்கிறது. எந்த வண்டிக்கும் பஞ்சர் உண்டு. வேறுபாடு அதைச் சரிசெய்வதில் தெரியும். கியர் சைக்கிளின் சக்கரத்தை எந்தப் பஞ்சர் கடையிலும் இரண்டு நிமிடத்தில் கழற்றுவார்கள். பேட்டரி சைக்கிளின் பின்சக்கர அச்சிலேயே மோட்டார் இருந்தால் முதலில் ஒயர் இணைப்பைப் பிரிக்க வேண்டும், பெரிய ஸ்பானர் வேண்டும், மாட்டும்போது வாஷர் இடம் மாறக் கூடாது. தெரியாத கை தொட்டால் ஒயர் அறுந்துவிடும். டயருக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றி வைப்பது இருவருக்கும் நல்லது, மின் வண்டிக்காரருக்குக் கட்டாயம்.

உதிரிபாகத்திலும் இதே நிலைதான். 1949இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்களின் செயின், பிரேக் ஷூ, ஃப்ரீவீல் சிறு ஊர்களிலும் கிடைக்கும். மின் வண்டியில் மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலர் பழுதானால் நகரத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். பேட்டரி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். புதியதன் விலை ஒரு சாதாரண சைக்கிளின் விலையைத் தாண்டலாம். வெயிலில் நிறுத்திச் சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடக் கூடாது. குற்றாலச் சாரலை நல்ல மின் வண்டி தாங்கும். பீய்ச்சியடிக்கும் தண்ணீரில் கழுவினால் தாங்காது.

எதை வாங்குவது

தோட்டத்துக்கும் பள்ளிக்கும் பக்கத்து ஊருக்கும் போய்வர 15 கிலோ எடையுள்ள கியர் சைக்கிளே போதும், அதுவே சரி. மாணவருக்கு வேறெதுவும் வாங்க வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர், பாரம் ஏற்றுகிறவர், காற்றுக் காலத்திலும் நாள்தோறும் 20 கி.மீ.க்கு மேல் மேற்கே போகிறவர் ஆகியோருக்குப் பேட்டரி சைக்கிள் செலவுக்குத் தகுந்த பயனைத் தரும். சார்ஜ் தீர்ந்த பிறகு அந்த 22 கிலோ வண்டியை மிதித்துப் பார்த்து, முடிகிறது என்று தெரிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

அடிவாரத் தோப்புகளுக்கு யானை வருவது இந்தப் பக்கம் வழக்கம். இரண்டு வண்டியும் ஓசையின்றிப் போவதால் யானைக்கும் உங்களுக்கும் முன்னறிவிப்பு இருக்காது. பொழுது சாயும் முன் தோப்புப் பாதையை விட்டுச் சாலைக்கு வந்துவிடுங்கள்.