சுசீந்திரத்தைப் படித்தவர்கள்

"கோயிலிலே ஆராய்ச்சி பண்ண என்ன வே இருக்கு? போனமா, தாணுமாலயனைக் கும்பிட்டமா, வந்தமான்னு இருக்கணும்!"

நாஞ்சில் நாட்டில் வரலாற்றுப் பாடம் எடுத்துப் படித்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. கேட்பவர்கள் மேல் குற்றமில்லை. பிறந்தது முதல் பார்த்துவரும் கோபுரம் நமக்குப் பழகிப்போய்விடுகிறது. பழகிப்போன ஒன்றைப் புதிதாகப் பார்ப்பதுதான் பாரம்பரிய ஆய்வாளனின் முதல் வேலை.

அப்படிப் பார்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் நாஞ்சில் நாட்டுக்காரரான டாக்டர் கே.கே. பிள்ளை. சுசீந்திரம் கோயில் ஒன்றையே எடுத்துக்கொண்டு அவர் செய்த ஆய்வுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் டி.லிட். பட்டம் அளித்தது. கலாக்ஷேத்ரா அதை 1953-இல் ஆங்கில நூலாக வெளியிட்டது. பின்னாளில் அவர் அதே பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரானார். ஒரே ஒரு ஊரின் கோயிலைப் பற்றி இத்தனை பெரிய புத்தகமா என்று மலைப்பாக இருக்கும். ஆனால் அதற்கு அவர் சேர்த்த கச்சாப் பொருளைப் பார்த்தால் மலைப்பு தீர்ந்துவிடும்.

அந்தக் கச்சாப் பொருள் கல்லில் கிடந்தது. சுசீந்திரத்தின் பழைய கல்வெட்டுகள் வட்டெழுத்தில் உள்ளவை. சோழர் காலத்தில் இவ்வூருக்குச் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் என்றும் ஒரு பெயர் இருந்ததை நமக்குச் சொன்னவை அவைதாம். து.அ. கோபிநாதராவும் அவருக்குப் பின் வந்த அறிஞர்களும் திருவிதாங்கூர் தொல்லியல் துறை வழியாக இந்தக் கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சிட்டார்கள். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மை ஒற்றி எடுக்கிற வேலை அது. இடுப்பு ஒடிந்துபோகும்! பக்கத்து ஊரான தேரூர்க்காரர் நம்ம கவிமணியும் கல்வெட்டு ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்தாம். அவர் தொழிலோ பள்ளி ஆசிரியர் தொழில். ஆர்வம் இருந்தால் போதும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கல்லைப் படித்தால் மட்டும் தீராது. பிற்காலக் கணக்குகள் ஓலையில் இருக்கின்றன, அவற்றில் மலையாளமும் கலந்து வரும். ஆண்டுக் கணக்கோ கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள நாட்களுக்கு 824-ம், மற்ற நாட்களுக்கு 825-ம் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தாலும் பழைய ஆவணங்கள் பலவற்றைத் தேடித் திருவனந்தபுரம்தான் போக வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையைக்கூட இன்றும் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது.

இத்தனை உழைத்து என்ன கண்டார்கள்? கோபுரத்துக்கு 1545-இல் அடித்தளம் இட்டும், வேலை முடிந்தது 1888-இல்தான் என்று கண்டார்கள். அலங்கார மண்டபத்து இசைத்தூண்களின் பெருமையைக் கண்டார்கள். கூடவே பெருமையில்லாத சங்கதிகளும் கிடைத்தன. குற்றம் சாட்டப்பட்டவரைக் கொதிக்கும் நெய்யில் கைவிடச் செய்த கைமுக்குச் சடங்கு இங்கேதான் நடந்தது. சுவாதித் திருநாள் ஆட்சியில் (1829–1846) அது நிறுத்தப்பட்டது. கோயிலை நிர்வகித்த யோகக்காரர்களுக்கும் அரசர்களுக்கும் நடந்த இழுபறி, தேவதாசிகளின் நிலை ஆகியவற்றையும் பிள்ளை மறைக்காமல் எழுதினார். சொந்த மண்ணின் கோயில்தானே, இதை விட்டுவிடுவோம் என்று அவர் நினைக்கவில்லை. ஆய்வாளனின் நேர்மை என்பது இதுதான்.

கோயில் மதிலுக்கு வெளியே வந்தாலும் வரலாறு முடிவதில்லை. மார்கழித் திருவிழாவில் தேர் ஓடும் நான்கு வீதிகளையும், மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்புக்குக் கூடும் கூட்டத்தையும் நாம் அறிவோம். அதே வீதிகளில் நடக்க உரிமை இல்லாதவர்களாக நம் மக்களில் ஒரு பெரும் பகுதியினர் இருந்தார்கள். வைக்கத்துக்கு அடுத்து 1926-இல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலியோர் இங்கே சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். 1930-இல் மீண்டும் போராட்டம் நடந்தது. கொல்லம் 1112 ஐப்பசி 27, அதாவது 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதற்கு முன்னே அடிபட்டு நின்றவர்கள் எந்த முக்கில் நின்றார்கள், எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதற்கு எந்தக் கல்வெட்டும் கிடையாது. அந்த வீதிகளும், வீட்டுத் திண்ணைகளும், பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போன வார்த்தைகளும்தான் அதற்கு ஆவணம். ஆகவே கோபுரத்தைப் போலவே வீதியும் பாரம்பரியச் சின்னமே.

இந்த ஆவணங்கள் அழிவது பகையால் மட்டுமல்ல, பக்தியாலும்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். தமிழகக் கோயில்கள் பலவற்றில் திருப்பணியின்போது மணல் பீய்ச்சிக் கல்லைத் துடைத்தார்கள். கல் பளிச்சென்று ஆயிற்று, எழுத்தோ மழுங்கிற்று. அதற்குத் தடை வந்தபோது போன எழுத்து போனதுதான். ஓலைக்கட்டு கரையானுக்கும், பழைய ஓட்டு வீடு கான்கிரீட்டுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. எதையும் மாற்றவே கூடாது என்று ஆய்வாளன் சொல்வதில்லை. வீடு ஒழுகினால் மாற்றத்தானே வேண்டும்? கடப்பாரை விழுமுன் அங்கே என்ன இருக்கிறது என்று அளந்து, படம் பிடித்து, எழுதி வைத்துவிடுங்கள் என்றுதான் கெஞ்சுகிறான்.

பழைய மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் ஓலையோ, பழைய பத்திரமோ, தேரோட்டப் படமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் தெருவில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதுங்கள். பிள்ளையவர்களுக்குக் கல் காத்திருந்தது. மனிதர்கள் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.