சக்கர உருண்டைகளின் ஆயுட்கணக்கு

சக்கரத்திற்கும் அச்சிற்கும் இடையே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து உழைக்கும் உறுப்பு ஒன்று உண்டு. பட்டறைகளில் அதனைப் பேரிங் என்பர். சைக்கிள் கடைக்காரர் பால்ரஸ் என்பார். மோட்டார் சைக்கிளும் காரும் தம் பளுவை அதன் வழியாகவே சக்கரத்தில் இறக்குகின்றன. அஃது எவ்வளவு காலம் தாங்கும்? இவ்வினாவிற்கு மனிதன் விடை கண்ட வரலாற்றை, மாணவ நண்பர்களே, இன்று சொல்ல விழைகிறேன்.

வேல்ஸ் நாட்டுக் கார்மார்தனைச் சேர்ந்த பிலிப் வாகன், வண்டி அச்சில் உருண்டைகளைப் பதிக்கும் முறைக்கு 1794-இல் காப்புரிமை பெற்றார். தேய்ந்து நகர்வதினும் உருண்டு நகர்வது எளிது என்பதே அதன் அடிப்படை. ஆயினும் ஒத்த அளவில் உருண்டைகளைச் செய்வது அக்காலத்தில் அரிது. ஒன்று சற்றே பெரிதாயிருந்தால் பளு அதன் தலையிலேயே விழும். அதுவே முதலில் கெடும். 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர், எஃகு உருண்டைகளை ஒரே அளவாகச் சாணை பிடிக்கும் இயந்திரத்தை அமைத்தார். அதன் பின்னரே அவை மலிந்தன.

உருண்டை செம்மையுற்றது, ஆயுள் மட்டும் புதிராகவே இருந்தது. ஒரே ஆலையில், ஒரே எஃகில், ஒரே நாளில் செய்த இரண்டு பேரிங்குகளை ஒரே பளுவில் சுழற்றினாலும், ஒன்று மற்றொன்றைப்போலப் பன்மடங்கு ஓடும். உருண்டை அழுத்திச் செல்லும் ஒவ்வொரு முறையும் எஃகின் மேற்பரப்பிற்குச் சற்று அடியில் களைப்பு ஏறுகிறது. நுண்ணிய வெடிப்புத் தோன்றி, ஒருநாள் செதிலாகப் பெயர்கிறது. அவ்வெடிப்பு எங்கே பிறக்கும் என்று எவர் சொல்ல இயலும்?

1924-இல் சுவீடனின் ஆர்விட் பாம்கிரென் இதற்கு ஒரு வழி கண்டார். தனியொரு பேரிங்கின் ஆயுளை அவர் கேட்கவில்லை. நூற்றில் தொண்ணூறு எவ்வளவு சுழற்சி தாங்கும் என்றே கேட்டார். பளு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும் என்றும் காட்டினார். 1947-இல் அவரும் குஸ்டாஃப் லுண்ட்பெர்கும் இக்கணக்கிற்கு முழுமையான கொள்கை வகுத்தனர்.

சக்கரம் ஒரு சுற்றில் 2 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். பத்து லட்சம் சுழற்சி என்பது 2,000 கிலோமீட்டர். பேரிங்கிற்கு விதித்த அளவில் பாதிப் பளு ஏற்றினால் 16,000 கிலோமீட்டர். கால் பங்கு ஏற்றினால் 1,28,000 கிலோமீட்டர்!

எனினும் தொண்ணூறு என்னும் எண்ணை நம்பி உறங்கிவிட முடியாது. சக்கரத்திற்கு ஒரு பேரிங் எனக் கொண்டாலும், நான்கும் அத்தொலைவைக் கடக்கும் கார்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 66 மட்டுமே. ஆகவே தேவைக்கு மிக விஞ்சிய ஆயுளுக்கே வகுத்தல் வேண்டும். இதனை நான்கு மூலைகளிலும் கூட்டிப் பாராமல், அட்டவணையில் ஒற்றை எண்ணாகப் படிப்பதே பலரிடம் நான் காணும் குறை.

சாலையோ கணக்கு அறியாதது. குழியில் விழுந்த அதிர்ச்சி, உருண்டை ஓடும் பாதையில் பள்ளம் பதிக்கும். வெள்ளத்தில் புகுந்த நீர் கிரீஸைக் கெடுத்துத் துருவேற்றும். சுத்தியலால் அறைந்து பொருத்தினாலும் அதே கேடு. இவற்றால் மடிவன எஃகின் களைப்பிற்குக் காத்திருப்பதில்லை. காரில் வேகத்தோடு உயரும் ஒரு முரலோசை இதன் அறிகுறி. மோட்டார் சைக்கிளிலோ முன்சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி, மேலும் கீழும் பற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பர். பேரிங்கில் ஆட்டம் தென்பட்டால், வண்டியை எடுக்குமுன் மாற்றிவிடுவர்.