கரவொலியும் வெளிநடப்பும்: அமெரிக்கக் கட்சி மாநாட்டு உரைகள் பெற்ற எதிர்வினைகள், 1896–2024

அமெரிக்க அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டின் கோடையில் இரு பெரிய கட்சிகளும் தேசிய மாநாடு கூட்டுகின்றன. வேட்பாளரை முறைப்படி அறிவிப்பதும் கொள்கை அறிக்கையை நிறைவேற்றுவதும் அந்த மாநாட்டின் வேலை. 1831-32இல் பால்டிமோர் நகரில் தொடங்கிய இவ்வழக்கத்தில் ஆயிரக்கணக்கான உரைகள் நிகழ்ந்துவிட்டன. அவற்றுள் சிலவற்றைப் பள்ளி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். உரைகளைப் பற்றிய ஆய்வுகள் ஏராளம். அவற்றைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. யார் எழுந்து நின்றார்கள், யார் கூச்சலிட்டார்கள், யார் வெளியேறினார்கள், அதன் பின் நவம்பரில் நாடு எப்படி வாக்களித்தது என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. கரவொலி நம்பத்தகாத சான்று. அரங்கத்தின் ஒரு பகுதியேனும் கேட்கச் சகிக்காத உரைதான் பெரும்பாலும் வரலாற்றின் திசையை முன்கூட்டிக் காட்டியிருக்கிறது.

அரங்கமே தீர்ப்பளித்த காலம்

1896 ஜூலை 9 அன்று சிகாகோ கொலிசியம் அரங்கில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்துகொண்டிருந்தது. நாணயத்துக்கு அடிப்படை தங்கம் மட்டுமா, வெள்ளியும் உண்டா என்பதே விவாதம். விளைபொருள் விலை சரிய, வாங்கிய கடனின் சுமை ஏற, மேற்கு, தெற்கு மாநில உழவர்கள் வெள்ளி நாணயம் வேண்டும் என்றார்கள். கிழக்குக் கரையின் வங்கிகள் தங்கத்தை விட மறுத்தன. விவாதத்தில் கடைசியாகப் பேச எழுந்தவர் நெப்ராஸ்காவின் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். வயது 36. அதிபராவதற்குச் சட்டம் கேட்கும் வயதைக் கடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மனிதகுலத்தைத் தங்கச் சிலுவையில் அறையாதீர்கள் என்ற பொருளில் முடித்து, கைகளை இருபுறமும் விரித்து நின்றார்.

சில விநாடிகள் அரங்கம் அசையவில்லை. பிறகு வெடித்தது. பேராளர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். மாநிலப் பெயர்ப்பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து நெப்ராஸ்காவின் பலகையைச் சுற்றி நிறுத்தினார்கள். ஆரவாரம் அடங்க அரைமணி நேரம் பிடித்தது. மறுநாள் ஐந்தாவது சுற்று வாக்கெடுப்பில் பிரையன் வேட்பாளர் ஆனார். முன்னணியில் இருந்த மிசௌரியின் ரிச்சர்ட் பிளாண்ட் பின்தங்கிப் போனார். ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில் அரங்கத்தின் கடைசி வரிசை வரை எட்டிய குரல் ஒரு மனிதரின் வாழ்வை ஒரே இரவில் மாற்றிவிட்டது.

அதே உரை கட்சியைப் பிளக்கவும் செய்தது. தங்க நாணயத்தை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் தனிக்கட்சி கண்டு ஜான் பால்மரை நிறுத்தினார்கள். கிழக்குக் கரை நாளேடுகள் பிரையனை அராஜகவாதி என்று தாக்கின. ஆகஸ்டில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் அவர் ஏற்புரை நிகழ்த்த வந்தார். பேச்சில் பிழை காண எதிரிகள் காத்திருக்கிறார்கள் என்று அஞ்சி, எழுதிவந்த தாள்களைப் பார்த்து நெடுநேரம் படித்தார். புழுக்கம் தாங்காமல் மக்கள் பாதியில் எழுந்து போனார்கள். ஐந்து வாரத்துக்கு முன் சிகாகோவைக் கிறங்க வைத்த அதே நாவன்மைதான். நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கின்லி 271க்கு 176 என்ற தேர்வர் வாக்குகளில் அவரைத் தோற்கடித்தார். சிகாகோவின் அரைமணி நேர ஆரவாரத்துக்கு ஒரு வேட்பாளரை உண்டாக்கும் ஆற்றல் இருந்தது. அதிபரை உண்டாக்கும் ஆற்றல் இருக்கவில்லை.

வீட்டுக்குள் வந்த மாநாடு

1924இல் வானொலி மாநாட்டை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. போலியோவால் கால்கள் செயலிழந்த பிராங்க்ளின் ரூசவெல்ட் ஊன்றுகோல்களோடு மேடையேறி ஆல் ஸ்மித்தை முன்மொழிந்ததும், அதைத் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீண்ட ஆரவாரமும் அந்த ஆண்டின் ஜனநாயகக் கட்சி மாநாட்டில்தான். ஆனால் வானொலி கேட்டவர்கள் அதோடு 103 சுற்று வாக்கெடுப்பையும், கு க்ளக்ஸ் க்ளானைக் கண்டிப்பதா வேண்டாமா என்று கட்சி தன்னைத் தானே கிழித்துக்கொண்டதையும் கேட்டார்கள். பதினாறு நாள் இழுபறிக்குப் பின் வேட்பாளரான ஜான் டேவிஸ் படுதோல்வி அடைந்தார். அரங்கத்துக்குள் முடிந்துபோகும் கூச்சல் இனி ஊரறிய நடக்கும் என்பதைக் கட்சிகள் அப்போதுதான் உணர்ந்தன.

உணர்ந்ததில் பயன் பெற்றவர் ரூசவெல்ட். அதுவரை வேட்பாளர் மாநாட்டுக்கு வருவதில்லை. சில வாரம் கழித்து ஒரு குழு வீடு தேடிப் போய்ச் செய்தி சொல்லும், அவரும் அப்போதுதான் அறிந்தவர்போல் ஏற்றுக்கொள்வார். 1932 ஜூலை 2 அன்று ரூசவெல்ட் ஆல்பனியிலிருந்து விமானத்தில் சிகாகோ வந்து நேரில் ஏற்புரை ஆற்றினார். மறுநாள் ரோலின் கிர்பி வரைந்த கேலிச்சித்திரத்தில் வானில் பறக்கும் விமானத்தை ஓர் உழவர் அண்ணாந்து பார்க்கிறார். உரையின் கடைசிப் பகுதியில் வந்த 'புதிய ஏற்பாடு' என்ற பொருள் தரும் 'நியூ டீல்' என்ற சொற்றொடர் அந்த விமானத்தின் மீது எழுதப்பட்டிருந்தது. ஓர் ஆட்சிக்காலத்துக்கே பெயராகிவிட்ட தொடர் அது. அதை அந்த இடத்தில் நிலைநிறுத்தியதில் அரங்கத்தின் கரவொலியைவிட ஓவியரின் தூரிகைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

பிலடெல்பியா, 1948

இக்கட்டுரையின் வாதத்துக்கு ஜனநாயகக் கட்சியின் இந்த மாநாடே அச்சாணி. ஜூலை 14 அன்று மினியாபொலிஸ் நகர மேயர் ஹியூபர்ட் ஹம்ப்ரி, 37 வயதுக்காரர், குடியுரிமைகள் பற்றிய கடுமையான தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். நிறவெறிக் கொலைகளைத் தடுக்கச் சட்டம், எல்லோருக்கும் வாக்குரிமை, வேலையில் சம வாய்ப்பு, படையில் சம நடத்தை ஆகியவை அதன் கோரிக்கைகள். கட்சித் தலைமை இதை விரும்பவில்லை. தென் மாநிலங்களைப் பகைத்துக்கொள்ளாத மென்மையான வாசகமே போதும் என்று அதிபர் ட்ரூமனின் ஆட்கள் கருதினார்கள். எதிர்காலத்தைப் பாழாக்கிக்கொள்ளாதே என்று ஹம்ப்ரியை எச்சரித்தவர்கள் உண்டு. பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே அவர் பேசினார். மாநில உரிமை என்ற நிழலிலிருந்து வெளியேறி மனித உரிமை என்ற வெயிலில் நடக்கும் நேரம் வந்துவிட்டது என்பது உரையின் சாரம்.

தீர்மானம் 651½க்கு 582½ என்ற வாக்கில் நிறைவேறியது. அன்று மாலையே மிசிசிப்பிப் பேராளர்கள் அனைவரும், அலபாமாவில் பாதிப்பேரும் எழுந்து வெளியேறினார்கள். மூன்று நாளில் பர்மிங்காமில் கூடி ஸ்ட்ராம் தர்மண்டைத் தனி வேட்பாளராக்கினார்கள். ஒரே உரை கட்சியின் தெற்குக் கால் ஒன்றை ஒடித்துவிட்டது என்றே நாளேடுகள் எழுதின. ட்ரூமன் தோற்பது உறுதி என்பதில் கருத்துக்கணிப்பாளர்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

நடந்தது வேறு. ஜூலை 26 அன்று ட்ரூமன் படையில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணை 9981ஐப் பிறப்பித்தார். நவம்பரில் தர்மண்ட் 4 மாநிலங்களையும் 39 தேர்வர் வாக்குகளையும் பெற்றார். ட்ரூமன் 303 வாக்குகளோடு வென்றார். வடக்கு நகரங்களின் கறுப்பின வாக்காளர்கள் அவ்வெற்றியில் பெரும் பங்கு வகித்தார்கள். வெளிநடப்பு செய்தவர்கள் அந்த உரையின் கனத்தைச் சரியாகவே எடைபோட்டிருந்தார்கள். தங்கள் ஊரின் ஒழுங்கு முடிவுக்கு வருகிறது என்பது, கைதட்டியவர்களைவிட அவர்களுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. 1964இல் குடியுரிமைச் சட்டம் செனட் சபையில் நிறைவேற முன்னின்று உழைத்தவர் அதே ஹம்ப்ரி.

1964: இரண்டு நகரங்கள்

அந்த ஆண்டு ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவில் குடியரசுக் கட்சி கூடியது. தீவிரவாதக் குழுக்களைக் கண்டிக்கும் திருத்தத்துக்காக நெல்சன் ராக்கபெல்லர் மேடையேறியபோது பேசவே விடாமல் கூச்சல் எழுந்தது. ஐந்து நிமிட உரை பலமுறை தடைபட்டது. இரண்டு நாள் கழித்து பாரி கோல்ட்வாட்டர், சுதந்திரத்தைக் காக்கும் தீவிரம் குற்றமன்று என்று ஏற்புரையில் சொன்னதும் அதே அரங்கம் எழுந்து நின்று முழங்கியது. வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு இவ்விரண்டும் ஒரே காட்சியாகத்தான் தெரிந்தன. நவம்பரில் கோல்ட்வாட்டர் 38.5 விழுக்காடு வாக்குகளோடு ஆறு மாநிலங்களில் மட்டும் வென்றார். அவற்றில் ஐந்து தென்கோடி மாநிலங்கள். 1948இல் வெளியேறியவர்கள் எங்கே போய்ச் சேரப்போகிறார்கள் என்பதற்கு அது முதல் தடயம்.

ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி கூடிய அட்லாண்டிக் சிட்டியில் நடந்ததை மாநாட்டு உரை என்று சொல்ல முடியாது. மேடையில் அன்று, பேராளர் தகுதியை ஆராயும் குழுவின் முன் அது நிகழ்ந்தது. ஆனாலும் இதை விட்டுவிட்டு இவ்வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. மிசிசிப்பியின் ரூல்வில் ஊரில் பருத்தி வயலில் பங்குக்குப் பாடுபட்ட ஃபேனி லூ ஹேமர், வெள்ளையர் மட்டுமே அடங்கிய மாநிலக் குழுவை எதிர்த்து ஆகஸ்ட் 22 அன்று சாட்சியம் சொன்னார். வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காக வேலையையும் குடியிருப்பையும் இழந்ததைச் சொன்னார். 1963இல் வினோனா சிறையில் தன்னைக் குப்புறப் படுக்கவைத்து அடித்ததைச் சொன்னார். வெள்ளை மாளிகையில் இருந்த அதிபர் ஜான்சன் பதறிப்போய்த் திடீரென்று செய்தியாளர்களைச் சந்தித்தார். தொலைக்காட்சி நிலையங்கள் ஹேமரை விட்டு அதிபரிடம் தாவின. ஆனால் அன்றிரவு செய்தியில் சாட்சியத்தை ஒளிபரப்பின. பகலில் வேலைக்குப் போயிருந்தவர்களும் அதனால் கேட்க நேர்ந்தது. தந்திகள் குவிந்தன.

கட்சி இரண்டே இரண்டு இருக்கைகள் தர முன்வந்தது. ஹேமரின் குழு அதை ஏற்க மறுத்தது. அந்தச் சமரசத்தைப் பேசி முடிக்க அனுப்பப்பட்டவர்களில் ஹம்ப்ரியும் ஒருவர் என்பதை வலியோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. எனினும் பாகுபாடு காட்டும் குழுக்களுக்கு அடுத்த மாநாட்டில் இடமில்லை என்று கட்சி முடிவெடுத்தது. அரங்கத்தின் மேடையை எட்டாத ஒரு குரல் அரங்கத்துக்குள் யார் அமரலாம் என்பதையே மாற்றிவிட்டது.

அளவுகோல்களின் காலம்

1968இல் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது நடந்த வன்முறைக்குப் பின் விதிகள் மாறின. வேட்பாளரை முதனிலைத் தேர்தல்களே முடிவு செய்யத் தொடங்கின. பேராளரின் கரவொலிக்கு வேட்பாளரை உருவாக்கும் வேலை போய், தொலைக்காட்சிக்குப் பின்னணி ஓசை தரும் வேலை வந்தது. எதிர்வினையை எண்ணால் அளக்கும் பழக்கமும் வலுப்பெற்றது. மாநாட்டுக்கு முன்னும் பின்னும் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்புகளின் இடைவெளியே வெற்றியின் அளவாகிவிட்டது.

அந்த அளவுகோல் எத்தனை முறை பொய்த்தது! 1984இல் சான்பிரான்சிஸ்கோவில் மரியோ கோமோவின் தலைமைக் கருத்துரையைக் கண்ணீரோடு கேட்ட ஜனநாயகக் கட்சிக்கு நவம்பரில் கிடைத்தது மின்னசோட்டாவும் தலைநகரும் மட்டுமே. வரியை உயர்த்துவேன் என்று அதன் வேட்பாளர் மாண்டேல் ஏற்புரையில் வெளிப்படையாகச் சொன்னதற்கும் அரங்கம் கைதட்டியிருந்தது. 1988இல் அக்கட்சியின் வேட்பாளர் டுகாகிஸ் மாநாடு முடிந்து 17 புள்ளிகள் முந்தியிருந்தார், தோற்றார். அவரை முன்மொழிந்து அரைமணி நேரத்துக்கு மேல் பேசிய பில் கிளிண்டன், முடிவாக ஒன்று சொல்கிறேன் என்றதும் பேராளர்கள் நிம்மதியில் ஆர்ப்பரித்தார்கள். நான்கே ஆண்டில் அவர் அதிபராகத் தேர்வானார். அதே 1988இல் புதிய வரி கிடையாது என்று ஜார்ஜ் புஷ் அளித்த வாக்குக்கு நியூ ஆர்லியன்ஸ் அரங்கம் கூரை அதிர முழங்கியது. 1990இல் வரியை உயர்த்தியபோது அந்த முழக்கமே அவருக்குப் பகையாயிற்று. 2004இல் பாஸ்டனில் பராக் ஒபாமா பேசிய இரவை மூன்று பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களும் நேரலையில் காட்டவே இல்லை.

ஆளில்லா அரங்கம்

சமூக ஊடகம் வந்த பின் எதிர்வினை உரை முடியும்வரை காத்திருப்பதில்லை. 2012இல் நடிகர் கிளிண்ட் ஈஸ்ட்வுட் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த நாற்காலியின் பெயரில் ட்விட்டர் கணக்கு முளைத்துவிட்டது. 2016இல் ஈராக்கில் மகனை இழந்த கிஸ்ர் கான், கோட்டுப் பையிலிருந்து அரசமைப்புச் சட்டத்தின் சிறு பதிப்பை எடுத்துக் காட்டினார். அடுத்த நாள்களில் அந்தக் கையடக்கப் பதிப்பின் விற்பனை ஏறியது. கேட்டவர்கள் ஒரு சட்ட நூலைத் தேடிப்போன எதிர்வினை அது. எனக்குத் தெரிந்தவற்றுள் மிக மதிப்புக்குரியதும் அதுவே.

2020இல் கொரோனா அரங்கத்தையே காலி செய்தது. டெலவேரில் பேராளர்கள் இல்லாத மண்டபத்தில் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றினார். குடும்பத்தார் வரிசையில் 'சித்தி' என்ற தமிழ்ச் சொல்லைச் சொன்னபோது கைதட்ட எதிரே கூட்டம் இல்லை. ஆனால் அச்சொல்லின் பொருள் என்ன என்று அமெரிக்கர்கள் தேடினார்கள். சென்னை முதல் நியூஜெர்சி வரை தமிழ்க் குடும்பங்கள் பூரித்தன. மொழிபெயர்க்காமல் விடப்பட்ட ஒரு சொல்லே உரையின் மற்றப் பகுதிகளைவிடத் தொலைவு சென்றது.

2024இல் ட்ரம்ப், ஹாரிஸ் இருவரின் ஏற்புரைகளையும் தலா 2 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமானோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். சிகாகோ அரங்கம் ஹாரிஸுக்காக அதிர்ந்தது. அதற்கு முந்தைய இரவு, காசா போர் பற்றிப் பேச ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்கு மேடை தர வேண்டும் என்று கேட்ட பேராளர்கள் சிலர் அரங்கத்துக்கு வெளியே தரையில் அமர்ந்திருந்தார்கள். அந்த மேடை கடைசிவரை தரப்படவில்லை. நவம்பரில் ஹாரிஸ் 226 தேர்வர் வாக்குகள் பெற்றுத் தோற்றார்.

1968இல் ஹேமர் முறைப்படி பேராளராகி மிசிசிப்பிக் குழுவோடு மாநாட்டில் அமர்ந்தபோது அரங்கம் எழுந்து நின்று வரவேற்றது. அதுவும் சிகாகோவில்தான். ஹாரிஸ் ஏற்புரை ஆற்றிய நாள் 2024 ஆகஸ்ட் 22. அட்லாண்டிக் சிட்டியில் ஹேமர் சாட்சியம் சொல்லி அன்றோடு 60 ஆண்டுகள் நிறைந்திருந்தன.